அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து கேள்வி – பதில்: அடுத்த சீசனுக்கு யார் வருவார்கள்?

கேள்வி: 2019-ல் டியூக் பல்கலைக்கழக அணியில் சயான் வில்லியம்சன், ஆர்.ஜே. பாரெட், கேம் ரெடிஷ் மூவரும் ஒன்றாக இருந்தார்கள். அப்படியும் கோப்பை கிடைக்கவில்லையே, ஏன்? (சார்லட் வாசகர்)

பதில்: கால் இறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 68-67 என்று தோற்ற அந்த இரவை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. பள்ளி வீரர்கள் தரவரிசையின் உச்சியில் இருந்த மூன்று பேரும் ஒரே சட்டையில் ஆடினார்கள். ஆனால் வெளியிலிருந்து மூன்று புள்ளி எறிந்து நம்பிக்கை தர அந்த அணியில் ஆள் போதவில்லை. எதிரணிகள் வளையத்துக்கு அடியில் கூட்டம் போட்டு நின்றன.

டியூக்கின் 2015 அணியைப் பாருங்கள். ஒகஃபோர், வின்ஸ்லோ, டயஸ் ஜோன்ஸ் என்று அங்கேயும் முதலாண்டு மாணவர்கள்தான் பெயர் வாங்கினார்கள். கூடவே குவின் குக் என்ற நான்காம் ஆண்டு மாணவர் இருந்தார். பந்தைக் கொண்டுபோகும் பாயிண்ட் கார்டு வேலையைப் புதிதாக வந்த ஜோன்ஸிடம் விட்டுவிட்டு, எறிபவராகத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். இறுதியில் விஸ்கான்சினை 68-63 என்று வென்றார்கள். அதனால் ஒரு பையன் கமிட் ஆனான், அதாவது ஒரு கல்லூரிக்கு வருவதாக வாக்குக் கொடுத்தான் என்று கேட்டதும் நான் முதலில் பார்ப்பது, அவனுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிற மூத்தவர் யார் என்பதைத்தான்.

கேள்வி: எங்கள் பயிற்சியாளர் பள்ளிப் பையன்களை விட்டுவிட்டு, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலேயே ஆள் தேடுகிறார். இது சரியா? (ராலி வாசகர்)

பதில்: அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 2021 வரை கல்லூரி மாறினால் பெரும்பாலும் ஒரு சீசன் வெளியே உட்கார வேண்டியிருந்தது. 2024 முதல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். இருபத்திரண்டு வயது உடம்பும் நூறு ஆட்ட அனுபவமும் கிடைக்கும்போது பதினெட்டு வயதுப் பையனுக்காக யார் காத்திருப்பார்கள்?

2025-ல் புளோரிடா கோப்பை வென்ற விதத்தைச் சொல்கிறேன். வால்டர் கிளேட்டன் அதே மாநிலத்தில் லேக் வேல்ஸ் ஊர்க்காரர். பள்ளி முடித்ததும் அவர் போய்ச் சேர்ந்த இடம் நியூயார்க்கில் உள்ள அயோனா என்ற சின்னக் கல்லூரி. இரண்டு சீசன் அங்கே ஆடிவிட்டுத்தான் புளோரிடாவுக்கு வந்தார். அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 34 புள்ளிகள் எடுத்தார். இறுதியில் ஹூஸ்டனை 65-63 என்று தோற்கடித்தபோது கடைசி நிமிடங்களைத் தாங்கியவரும் அவர்தான். வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்தும், அலைஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும் வந்தவர்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2025-26 முதல், வருமானத்தில் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரும் வருவாய்ப் பங்கீட்டை ஏற்ற கல்லூரிகளில் ஆண்கள் அணிக்குப் பதினைந்து பேர்தான் உச்ச வரம்பு. அதிலும் பாதியைப் போர்ட்டல் எடுத்துக்கொண்டால், மெதுவாக வளர்கிற பையன் எங்கே போவான்? ஆண்டனி டேவிஸ் பள்ளியில் படிக்கும்போது ஆறடி இரண்டு அங்குலம்தான். பிறகு மளமளவென்று வளர்ந்து, 2012-ல் கென்டக்கிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். எல்லோரும் அவ்வளவு சீக்கிரம் வளர்வதில்லை. என்னைக் கேட்டால், ஒவ்வொரு ஆண்டும் மூன்று இடமாவது பள்ளிப் பையன்களுக்கு ஒதுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அணிக்கு வருவதாக வாக்குக் கொடுத்த பையன் கடைசியில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். இது துரோகம் இல்லையா? (லூயிவில் வாசகி)

பதில்: இல்லை அம்மா. வாய் வார்த்தை யாரையும் கட்டாது. கல்லூரியும் அப்படித்தான் பின்வாங்குகிறது. கையெழுத்து போடும் வரை இரண்டு பக்கமும் கதவு திறந்தே இருக்கிறது. பயிற்சியாளர் வேறு இடத்துக்குப் போய்விட்டால் அந்தப் பையன் என்ன செய்வான்? அவனுக்கு வயது பதினேழு. கோபத்தில் அவனுக்கே செய்தி அனுப்பித் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: பள்ளி ஆட்டத்துக்கு நேரில் போனால் எதைக் கவனிக்க வேண்டும்? (டர்ஹாம் வாசகர்)

பதில்: எகிறிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் அடிப்பதை வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளலாம். நேரில் போனால் பந்து கையில் இல்லாத நேரத்தைப் பாருங்கள். எறிதல் தவறியதும் தன் பக்கத்துக்குத் திரும்பி ஓடுகிறானா, தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறானா? தடுப்பாட்டத்தில் பக்கத்தில் இருப்பவனுக்குச் சத்தமாகச் சொல்கிறானா? அப்புறம், பயிற்சியாளர் அவனை வெளியே அழைக்கும்போது முகத்தைப் பாருங்கள். போன குளிர்காலத்தில் நான் பார்த்த ஒரு பையன், வெளியே வந்ததும் உள்ளே போகிறவனைப் பிடித்து நிறுத்தி, யாரைக் காக்க வேண்டும் என்று விரல் நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். அவன் பெயரை அன்றே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.