வசனத்தைப் பார்த்தவுடன் வாசித்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டப்பிங் துறையில் நுழைய முயன்று வருகிறேன். வீட்டில் வசனத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பேசினால் நன்றாகவே வருகிறது. வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் வாய்ஸ் டெஸ்டுக்குப் போனபோது, தாளைக் கையில் கொடுத்த உடனே வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாவது வரியில் தடுமாறிவிட்டேன். நா நெகிழ் பயிற்சிகளைத் தினமும் செய்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

வாசகி, அம்பத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

ஒருமுறை படித்தபின் சரளமாகப் பேச முடிகிறதென்றால் உங்கள் நாவில் குறையில்லை. பழக்க வேண்டியது கண்ணை. உரக்கப் படிக்கும்போது வாய் ஒரு சொல்லில் இருக்க, கண் அதைத் தாண்டி முன்னே சென்றுவிடுகிறது. தேர்ந்த வாசிப்பாளர்களிடம் இந்த இடைவெளி அகலமாக இருப்பதை அமெரிக்கக் கல்வி உளவியலாளர் கை பஸ்வெல் (Guy Buswell) 1920-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருவதால் நமக்கு இது இன்னும் இன்றியமையாதது. "இத்தனை நாள் கழித்து என்னைப் பார்க்க நீ" என்று தொடங்கும் வசனம் "வந்தாயே" என்று முடிகிறதா, "வந்திருக்கவே வேண்டாம்" என்று முடிகிறதா என்று தெரியாமல் முதல் சொல்லுக்கு என்ன உணர்ச்சியைக் கொடுப்பீர்கள்? டப்பிங்கில் கண் திரையிலுள்ள வாயசைவையும் கவனிக்க வேண்டியிருப்பதால், தாளுக்குக் கிடைப்பது ஒரு பார்வை மட்டுமே.

முன்பின் படிக்காத பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகும் சொல்லை ஓர் அட்டையால் மூடிவிட்டு, அதன் பிறகே அதைச் சொல்லுங்கள். அது பழகியதும் இரண்டிரண்டு சொற்களாக மூடுங்கள். வேகம் குறையும், குறையட்டும். பிழை நேர்ந்தால் திரும்பிப் போகாமல் வாசித்து முடித்து, கைபேசியில் பதிந்ததைக் கேட்டு, தடுமாறிய இடங்களைப் பென்சிலால் குறியுங்கள்.

எதைப் படிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நாளிதழ் மட்டும் போதாது. அதிலுள்ள எழுத்துத் தமிழின் சொல்வடிவங்கள் நமக்குப் பள்ளியிலிருந்தே பழகியவை. வசனத் தாளில் இருப்பதோ பேச்சுத் தமிழ். அதற்கு ஒரே சீரான எழுத்துமுறை கிடையாது. ஒருவர் "போயிட்டிருக்கேன்" என்று எழுதுவார், இன்னொருவர் "போய்க்கிட்டு இருக்கேன்" என்பார், வேறொருவர் "போயிண்டிருக்கேன்" என்பார். கண்ணுக்குப் பழகாத வடிவம் வந்ததும் எழுத்துக் கூட்டத் தொடங்குகிறோம்; குரல் அங்கேதான் நிற்கிறது. ஆகவே நாடகங்களையும், நெல்லை, கொங்கு, மதுரை வழக்குகளில் உரையாடல் மிகுந்த சிறுகதைகளையும் உரக்கப் படியுங்கள்.

எண்களும் ஆங்கிலச் சொற்களும் தனியே கவனிக்க வேண்டியவை. 1999 என்ற நான்கு இலக்கங்களைக் கண்டதும் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது" என்று நா புரள வேண்டும். "பால் எங்கே விழுந்தது" என்பதில் வருவது குடிக்கும் பாலல்ல, பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்பதையும் அடுத்த சொற்களே சொல்கின்றன.

அடுத்த தேர்வில் தாளைத் தந்ததும் ஒரு நிமிடம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். அந்த நேரத்தில் முழுவதையும் படிக்க முயலாமல், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி வினையை மட்டும் பார்த்து, மூச்செடுக்கும் இடங்களில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெயர்களின் உச்சரிப்பில் ஐயமிருந்தால் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்