பிள்ளை வாயும் அடுப்படிப் பேச்சும்

கேள்வி: எங்களுடையது பதினொரு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம். போன மாதம் என் நாத்தனார் வந்திருந்தபோது, இன்னும் நான்கு வயது நிரம்பாத என் மகன், "அத்தை, எங்க இட்லிக் கொப்பரைய வித்துட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். நான் அடுப்படியில் ஓரகத்தியிடம் சொன்ன பேச்சு அது. கொழுந்தனார் சிரித்துக்கொண்டே அவனை மறுபடி சொல்லவைத்துப் படம்பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நாத்தனார் போன பிறகு அவனுக்கு ஓர் அடி வைத்தேன். இந்த அதிகப்பிரசங்கியை எப்படித் திருத்துவது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தான் சொல்வது எதிராளியை எங்கே போய்த் தைக்கும் என்று தெரிந்தே பேசுகிறவனைத்தான் அதிகப்பிரசங்கி என்று சொல்ல முடியும். உங்கள் மகனுக்கு அது தெரியாது. 1983-இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்னும் உளவியலாளர்கள் குழந்தைகளிடம் ஒரு கதையைச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள்: சிறுவன் ஒருவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வருகிறவன் எதில் தேடுவான்? மிகச் சிறிய பிள்ளைகள், சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியையே காட்டினார்கள்; தமக்குத் தெரிந்தது அந்தச் சிறுவனுக்குத் தெரிந்திருக்காது என்பது அவர்களுக்கு எட்டவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு, ஐந்து வயதை ஒட்டித்தான் இது பிடிபடுகிறது. ஆகவே, நீங்கள் அடுப்படியில் சொன்னது உங்கள் மகனைப் பொறுத்தவரை ஊரறிந்த செய்தி. கொப்பரை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கேட்டுவிட்டான். இதைவிட முறையாக விசாரிக்கப் பெரியவர்களாலும் முடியாது.

பருப்பு டப்பா மூடிகளைத் தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் விளையாடும் பிள்ளை காது கொடுக்கவில்லை என்று கூட்டுக் குடும்பத்துப் பெண்கள் ஏன்தான் நம்புகிறார்களோ! இன்று காலை நடந்ததையும் சென்ற தீபாவளியையும் ஒன்றுபோல "நேத்து" என்று சொல்லக்கூடிய வயதில், கொப்பரைச் சமாசாரம் மட்டும் அவன் வாயில் பிசகாமல் வந்திருக்கிறதென்றால், அதை எத்தனை முறை பேசியிருப்பீர்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றைப் பற்றி. ஒரே வாக்கியத்துக்குச் சித்தப்பாவிடம் கைதட்டலும் தாயிடம் அடியும் வாங்கிய பிள்ளை, எதைத் திருத்திக்கொள்வான்? அத்தை மனம் வருந்தினாள் என்பதை யாராவது அவனிடம் எடுத்துச் சொன்னார்களா? அதை அவனுக்குப் புரியும்படி இரண்டே வார்த்தைகளில் சொல்லுங்கள். நாத்தனாரிடம் நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். பேச்சுக்கு உரியவர் நீங்கள்தானே ஒழிய அவன் அல்ல. அந்தக் காணொளியை நீக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். அனுப்பியவரே எல்லோருக்குமாக நீக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இரண்டரை நாட்கள்தான். அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டதால், குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் கேட்டு அவரவர் செல்பேசியிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். அந்த வேலையைக் கொழுந்தனாரிடமே ஒப்படையுங்கள்.