இரவில் வந்து சுட்டுவிட்டு ஓடும் எதிரியை மடக்குவது எப்படி?

கேள்வி: பசிபிக் கடற்போர் விளையாட்டில் நேசநாடுகள் என் பக்கம், காலம் 1942 அக்டோபர். சாலமன் தீவுகளில் துலாகி துறைமுகமும் எதிர்க்கரையில் குவாடல்கனாலின் ஹெண்டர்சன் விமானத்தளமும் என் கையில். துறைமுகத்திலேயே 4 குரூசர் (நடுத்தரப் போர்க்கப்பல்), 5 டெஸ்ட்ராயர் (சிறிய, வேகமான போர்க்கப்பல்) காவல் நிற்கின்றன. ஆனாலும் ஜப்பான் தரப்பு இரவில் வந்து தளத்தைப் பொசுக்கிவிட்டு நழுவிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடிகாரத்தைப் பார்த்து ஆட வேண்டிய இடம் இது. எதிரி 28 நாட் (மணிக்கு 28 கடல் மைல்) வேகத்தில் நள்ளிரவுக்கு வந்து சேர வேண்டுமானால், மாலை 6 மணிக்குச் சுமார் 170 கடல் மைலிலும் நண்பகலில் 340 மைலிலும் இருந்தாக வேண்டும். உங்கள் டான்ட்லஸ் குண்டுவீச்சு விமானங்கள் குண்டோடு போய்த் திரும்ப 200 மைல்தான் எல்லை என்று வைத்தால், இருட்டுவதற்குள் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். ஆகவே கேட்டலினா வேவு விமானங்களை நாலாபுறமும் சிதறவிடாமல் வடமேற்கே 400 மைல் வரை அனுப்புங்கள். நண்பகலில் கண்ணில் பட்டால்தான் மற்றதெல்லாம்.

அடுத்து, கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து கிளப்புங்கள். நங்கூரத்தில் நிற்பவற்றை எதிராளி பகலிலேயே எண்ணிவிட்டு, அதைவிடப் பெரிய படையோடு வருவார். தெற்கே ரென்னல் தீவுப் பக்கம் ஒதுக்கி வைத்து, தகவல் வந்ததும் எதிரி வரும் வழியிலுள்ள சாவோ தீவுக்கு விரட்டுங்கள். அக்டோபர் 11 இரவு குவாடல்கனாலின் வடமேற்கிலுள்ள எஸ்பரன்ஸ் முனையில் அமெரிக்கர்கள் செய்தது இதுவே. அங்கும் 4 குரூசர், 5 டெஸ்ட்ராயர்தான். ஜப்பானின் ஃபுருடாகா குரூசர் மூழ்கியது. இரண்டே இரவு கழித்து, வழிமறிக்க அந்தப் படை இல்லாதபோது, ஜப்பானின் பெரும் போர்க்கப்பல்களான கோங்கோவும் ஹருனாவும் தளத்தின் மீது 900க்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. விமானப் பெட்ரோலில் பெரும்பகுதி எரிந்துபோனது. துலாகியிலிருந்து பாய்ந்த டார்பிடோ படகுகளால் தடுக்க முடியவில்லை.

இரவுச் சண்டையில் ஜெயித்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒரு பெரிய கப்பலின் வேகத்தைக் குறைத்தால் போதும். இரவு 1.30க்குத் திரும்பும் எதிரி 28 நாட்டில் ஓடினாலும் காலை 6 மணிக்கு 126 மைலில்தான் இருப்பார். அடிபட்டு 10 நாட்டுக்கு இறங்கினால் வெறும் 45 மைல். நவம்பர் 13 அதிகாலையில் சுக்கான் பழுதான ஜப்பானின் ஹியெய் போர்க்கப்பலுக்கு நேர்ந்தது அதுதான். பகல் முழுக்க விமானங்கள் மொய்த்தன, மாலையில் மூழ்கியது. விலையும் பெரிது: அமெரிக்கா 2 குரூசர்களையும் 4 டெஸ்ட்ராயர்களையும் பறிகொடுத்தது.

காலைத் தாக்குதலுக்கு விமானமும் பெட்ரோலும் மிஞ்ச வேண்டும். பெட்ரோலை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். ரன்வேயைச் செப்பனிடும் பொறியாளர் பிரிவை, எவ்வளவு அவசரமானாலும், வேறெங்கும் மாற்றாதீர்கள்.

கேள்வி: கரையோரப் பீரங்கிகளுக்குப் புள்ளிகள் செலவிடலாமா?

பதில்: கொஞ்சம். 14 அங்குலப் பீரங்கியுள்ள போர்க்கப்பல் அவற்றுக்கு எட்டாத தூரத்திலிருந்தே சுடும். தரையிறங்க வரும் கப்பல்களுக்கு எதிராகத்தான் அவை பயன்படும், அதுவும் பொறுமையாகச் சுட்டால். 1941 டிசம்பர் 11 அன்று அமெரிக்கர்கள் வசமிருந்த வேக் தீவின் 5 அங்குலப் பீரங்கிகள், எதிரி நன்றாக நெருங்கும்வரை சுடாமல் காத்திருந்துதான் ஜப்பானின் ஹயாடே டெஸ்ட்ராயரை மூழ்கடித்தன.