பாத்ரூம் டைல்ஸ்: முதலில் தண்ணீரைப் பாருங்கள், நிறம் அப்புறம்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருபது வருடமாக வீடு கட்டித் தருகிறேன். புது வீட்டுக்கு டைல்ஸ் எடுக்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும்.

அண்ணா, ரெட்டியார்பாளையத்தில் வீடு முடியப் போகிறது. பாத்ரூம் சுவர் முழுக்கப் பளபளவென்று இருக்கும் கறுப்பு கிளாஸி டைல்ஸ் போட ஆசை. தண்ணீர் போர் தண்ணீர்தான். போடலாமா?

தம்பி, அந்தத் தண்ணீர் எப்படி என்று முதலில் பாருங்கள். காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறதா? அப்படியென்றால் கறுப்பு கிளாஸி வேண்டாம். சுவரில் தெறித்த துளி காய்ந்ததும் தண்ணீர் போய்விடும், அதில் இருந்த கால்சியம் வெள்ளைப் புள்ளியாக அங்கேயே நிற்கும். வெளிர் நிறச் சுவரிலும் அது படியத்தான் செய்யும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

என் சொந்த வீட்டில் ஷவர் பக்கத்துச் சுவருக்குக் கரும்பழுப்பு கிளாஸி போட்டிருந்தேன். மூன்றே மாதத்தில் சுவர் முழுக்க உப்புக்கறை. குளித்தவர்கள் வைப்பரால் இழுத்துவிட்டு வர வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டுப் பார்த்தோம். காலையில் பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைகளிடம் அது நடக்காது. கடைசியில் அந்தச் சுவரைப் பெயர்த்து மணல் நிறம் போட்டோம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்று சொல்கிறேன்: கடையில் உடைந்த சாம்பிள் துண்டு இரண்டு மூன்று நிறத்தில் வாங்கி மொட்டை மாடியில் வையுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரையே காலையும் மாலையும் தெளித்துக் காயவிடுங்கள். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

மணல் நிறம், இளஞ்சாம்பல், லேசான கல் வரி ஓடுகிற டிசைன் எல்லாம் நம் ஊர்த் தண்ணீருக்கு ஒத்துவரும். பிடித்து வைத்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக மாறினால் அதில் இரும்பு இருக்கிறது. அங்கே தூய வெள்ளையும் வேண்டாம், பழுப்புக் கோடு விழும். கறுப்பு கட்டாயம் வேண்டுமென்றால் தண்ணீர் தெறிக்காத ஒரு சுவரில் மட்டும் போடுங்கள், அழகாகவே இருக்கும்.

சார், திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. அம்மாவுக்கு 74 வயது, கண்புரை ஆபரேஷன் ஆனவர். தரைக்கு மேட் ஃபினிஷ் போட்டால் வழுக்காது என்கிறார் கடைக்காரர். போதுமா?

போதாது. மேட் என்றால் பளபளப்பு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். கால் பிடிக்குமா என்பது வேறு விஷயம். ஆர்9 முதல் ஆர்13 வரை ஓர் அளவு உண்டு, எண் கூடக் கூடப் பிடிமானமும் கூடும். பாத்ரூம் தரைக்கு ஆர்10-க்குக் கீழே போகாதீர்கள், குளிக்கிற இடத்துக்கு ஆர்11 எடுங்கள். அதற்கு மேலே போனால் சொரசொரப்பில் அழுக்கு ஏறிக்கொண்டு கழுவவே பெரும்பாடு. பெட்டியில் எண் இல்லையென்றால், டைலைத் தரையில் வைத்து சோப்புத் தண்ணீர் ஊற்றி, யாரையாவது பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறி நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து தரையில் ஒரு படலம் பிடிக்கும், அதுதான் உண்மையில் ஆளை வழுக்கிவிடுவது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

அம்மாவின் கண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். தரை, சுவர், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் ஒரே ஐவரி நிறத்தில் (தந்த வெள்ளை) இருந்தால் எது எங்கே முடிகிறது என்று அவருக்குப் பிரிந்து தெரியாது. தரையைச் சுவரைவிட இரண்டு ஷேடு அழுத்தமாக எடுங்கள், வெள்ளை வெஸ்டர்ன் தனியாகத் தெரியும்.

தரைக்கும் இரண்டுக்கு நாலு அடி டைல்ஸே போடலாமா?

சுவருக்குப் போடுங்கள். தரைக்கு ஒன்றுக்கு ஒரு அடி போதும். எட்டடிக்கு ஒரு இஞ்சாவது வாட்டம், அதாவது சரிவு, வேண்டும், பெரிய டைலில் நாலு பக்கமிருந்தும் தண்ணீர் இறங்குகிற ஜாலிக்கு வாட்டம் எடுக்க மேஸ்திரி திணறுவார். தண்ணீர் தேங்கிவிடும்.

ஐந்துக்கு ஏழு பாத்ரூம், ஏழடி உயரம். எவ்வளவு வாங்குவது?

சுற்றளவு 24 அடி, ஏழால் பெருக்கினால் 168 சதுர அடி. கதவுக்குக் கழித்தால் சுவருக்கு 150, தரைக்கு 35. பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண், ஷேடு எண் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். அப்புறம் ஒரு பெட்டி குறைந்து மறுபடி போனால் அதே ஷேடு கிடைக்காது.

முத்தியால்பேட்டையில் தாத்தா வீட்டில் இருந்த பூப்போட்ட சிமெண்ட் கல் மாதிரி பாத்ரூமில் வேண்டும் அண்ணா. அசலே போடலாமா?

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, எனக்கும் அந்தத் தரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அசல் சிமெண்ட் டைல் தண்ணீர் குடிக்கும். ஆசிட் பட்டால் மேல்நிறமே அரித்துவிடும். அதைக் கூடத்தில் போடுங்கள். பாத்ரூம் தரைக்கு அதே பூ டிசைனில் வழுக்காத (ஆன்டி ஸ்கிட்) விட்ரிஃபைட் டைல் கிடைக்கிறது. விட்ரிஃபைட் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இழுக்காது. தரையில் பூ இருந்தால் சுவரை வெறும் ஒற்றை நிறமாக விட்டுவிடுங்கள்.

டைல்ஸ் ஜாயின்ட் இடைவெளியை அடைக்க ஒயிட் சிமெண்ட் போதும் என்கிறார் மேஸ்திரி. உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றலாமா?

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். ஒயிட் சிமெண்ட் தண்ணீரை இழுத்துக் கறுத்துப்போகும், ஆசிட் ஊற்றினால் அரித்தும் போகும். அதன் வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். குளிக்கிற பகுதிக்காவது எபாக்ஸி என்கிற பிசின் கலவை போடுங்கள், டைலுக்கு நெருங்கிய சாம்பல் நிறத்தில். செலவு கூடுதல்தான், ஆனால் தண்ணீர் குடிக்காது. உப்புக்கறைக்கு வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டிவைத்துத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழாய்க்குப் பக்கத்தில் செய்யும்போது வினிகர் குரோமியப் பூச்சில் நிற்காமல் உடனே துடைத்துவிடுங்கள்.