குறியீட்டெண் அடிப்படையிலான விலைத் திருத்தத்துக்குக் குறைந்தபட்ச வரம்பு எவ்வளவு?

கேள்வி: குறியீட்டெண்ணை (பொருட்களின் விலை எவ்வளவு ஏறி இறங்கியது என்று காட்டும் எண்) வைத்து விலையை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்தில், "இத்தனை சதவீதம் மாறினால்தான் திருத்தம்" என்ற வரம்பை எவ்வளவு வைப்பது?

கோவையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு டெண்டர், பில் வேலைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். 3 சதவீதமா 5 சதவீதமா என்று பேரம் பேசும் முன், எந்த மாதத்திலிருந்து கணக்கு என்பதை எழுதி வாங்கிவிடுங்கள்.

எங்கள் ஒரு ஷெட் வேலைக்கு வரம்பு 5 சதவீதம். "முந்தைய மாதக் குறியீட்டெண்ணோடு ஒப்பிட்டு" என்ற வரி உள்ளே இருந்தது. இரும்பு மாதம் 2 சதவீதம் போல எட்டு மாதம் விடாமல் ஏறியது. மொத்தம் 17 சதவீதம். ஆனால் எந்த ஒரு மாதமும் 5-ஐத் தாண்டவில்லை, ஒரு பைசாவும் கூடக் கிடைக்கவில்லை. டெண்டர் மாதத்தோடு, அல்லது கடைசியாகத் திருத்திய மாதத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

அப்புறம், வரம்பைத் தாண்டினால் முழு மாற்றத்துக்கும் பணமா, தாண்டிய பகுதிக்கு மட்டுமா? 10 லட்ச ரூபாய் ஆர்டரில் இரும்பின் பங்கு 60 சதவீதம் என்று வையுங்கள். குறியீட்டெண் 120-லிருந்து 127.2 ஆனால் 6 சதவீத ஏற்றம். முழுவதற்கும் என்றால் 36,000 ரூபாய்; 5-க்கு மேற்பட்டதற்கு மட்டும் என்றால் 6,000.

அந்த 5 சதவீதம் குறியீட்டெண்ணின் மேலா, ஒப்பந்த விலையின் மேலா என்பதும் முக்கியம். விலையின் மேல் என்றால் இதே ஏற்றம் வெறும் 3.6 சதவீதம், வரம்பையே தொடாது. அமெரிக்க அரசுக் கொள்முதல் விதிகளில் கூலி, மூலப்பொருள் மாற்றத்துக்கான ஷரத்தில் உள்ள 3 சதவீதம் ஒப்பந்த விலையின் மேல் கணக்கிடப்படுவது. அதைப் பார்த்து அப்படியே குறியீட்டெண்ணுக்குப் போட்டுவிடாதீர்கள். "5 புள்ளி" என்றும் எழுத வேண்டாம்: குறியீட்டெண் 100-ல் இருக்கும்போது அது 5 சதவீதம், 160-ல் 3 சதவீதச் சொச்சம்தான்.

சரி, எவ்வளவு? சில்லறை மாற்றத்துக்கெல்லாம் மாதாமாதம் துணை பில் போடாமல் இருக்கத்தான் வரம்பு. இரும்பு அதிகமுள்ள வேலைக்குக் குறியீட்டெண்ணின் மேல் 3 சதவீதம், தாண்டினால் முழு மாற்றத்துக்கும், ஏறினாலும் இறங்கினாலும் ஒரே விதி என்று கேட்பேன். மொத்த விலைக் குறியீட்டெண் (WPI, மொத்த வியாபார விலைகளுக்கான எண்) முதலில் தற்காலிகமாக வந்து பிறகு திருத்தப்படும் என்பதால், இறுதி எண் வந்ததும் நேர்செய்ய ஒரு வரி சேர்ப்பேன்.

இப்போதெல்லாம் மேலே சொன்னது போன்ற ஒரு மாதிரிக் கணக்கை அக்ரிமென்டோடு இணைத்து, இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.