டார்னீட்டில் வீடு எடுக்கலாமா? மெல்பன் இளைஞர் குற்றம் பற்றிய பேச்சும் கணக்கும்

மெல்பனின் மேற்குப் புறநகரான டார்னீட்டில் வாடகை வீடு பார்த்திருப்பதாகவும், அந்தப் பக்கம் ‘ஆப்பிரிக்கக் கும்பல்’ தொல்லை இருக்கிறது என்று உறவினர் எச்சரித்ததால் பாண்ட் பணம் (வாடகை முன்வைப்புத் தொகை) கட்டத் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். பதின்வயது மகனோடு வருகிறவர் இப்படிக் கேட்பது நியாயமே.

அந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது 2018 ஜனவரியில். மெல்பன் மக்கள் இரவில் உணவகத்துக்குப் போகவே அஞ்சுகிறார்கள் என்று அன்றைய உள்துறை அமைச்சர் பீட்டர் டட்டன் அப்போது சொன்னார். முந்தைய மாதம் டார்னீட்டில் சமூகப் பூங்கா ஒன்று சேதப்படுத்தப்பட்டது உண்மை. அங்கிருந்தவர்களுக்குப் பயம் வந்ததும் உண்மை. ஆனால் மெல்பன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பதிவான மொத்தக் குற்றங்கள் 2016ஐ விட 2017இல் குறைந்திருந்தன. 2018 நவம்பரில் நடந்த மாநிலத் தேர்தலில் எதிர்க்கட்சியான லிபரல் கட்சி குற்றத்தையே பெரிய பிரச்சினையாக முன்வைத்துப் பெருந்தோல்வி அடைந்தது.

‘ஆப்பிரிக்கக் கும்பல்’ என்ற பேச்சு பெரும்பாலும் சுட்டியது சூடான், தென் சூடான் பின்னணி கொண்ட இளைஞர்களை. மாநிலக் குற்றப் புள்ளிவிவர முகமையின் அன்றைய கணக்குப்படி, குற்றம் சாட்டப்பட்டவர்களில் சூடானில் பிறந்தவர்கள் ஏறக்குறைய 1 சதவீதம். பெரும்பான்மையினர் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள். இதை மட்டும் எடுத்துக்கொண்டு ‘எல்லாம் ஊடகக் கட்டுக்கதை’ என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சூடானில் பிறந்தவர்கள் மாநில மக்களில் 0.1 சதவீதத்தைச் சற்றே தாண்டியவர்கள்தான் என்பதால், அந்த 1 சதவீதம் அவர்களுடைய பங்கைப் போலப் பல மடங்கு. மறுபக்கம், உள்நாட்டுப் போருக்குத் தப்பி அகதிகளாக வந்த அச்சமூகத்தில் இளைஞர்கள் மிக அதிகம். எந்த இனத்திலும் குற்றப் பதிவுகள் குவிவது பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான். ஆகவே முதியவர் நிறைந்த சமூகத்தோடு அவர்களை மொத்தமாக ஒப்பிட்டால் வித்தியாசம் பெருகியே தெரியும். வயதைக் கழித்த பிறகும் ஏதோ மிஞ்சத்தான் செய்யும். அதற்கு வறுமையும் பாதியில் நின்ற படிப்பும் பெரிய காரணங்கள் என்பது என் எண்ணம். பிறந்த நாட்டை வைத்து எடுத்த இந்தக் கணக்கில், கென்ய அகதி முகாமில் பிறந்த பிள்ளை சூடானியராகச் சேர்வதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் முடிவுக்குப் பிறந்த நாடுவாரிக் கணக்கு உதவாது. அதே முகமை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சிப் பகுதிவாரியாக, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை சம்பவங்கள் என்று வெளியிடுகிறது. டார்னீட் அடங்கிய விண்டம் பகுதியின் விகிதத்தை, நீங்கள் யோசிக்கும் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே குடியேறினாலும் இரவில் கதவைப் பூட்டுங்கள். கார் சாவியை வாசலருகே தொங்கவிடாதீர்கள், ஏனெனில் இங்கே வீடு புகுகிறவர்களில் பலர் தேடுவது அதைத்தான். மகனின் வகுப்பில் தென் சூடான் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களோடு பழகாதே என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

டார்னீட் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரிந்த வலுவான காரணம் காலை நேர ரயில் நெரிசல். நகர மையத்தில் வேலை என்றால் அதைத்தான் முதலில் யோசியுங்கள்.