ஆளுக்குப் பழகாத பூனை அடிக்கடி வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. துன்புறுத்தாமல் அதை எப்படி வெளியேற்றுவது?

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர், “சாக்கில் பிடித்துக் கட்டி, வண்டியில் கொண்டுபோய்த் தூரமாக விட்டுவிடுங்கள், திரும்பி வராது” என்று பதில் எழுதியிருக்கிறார். ஏகப்பட்ட பேர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். படித்ததும் வயிறு எரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ராத்திரியில் பாத்திரம் உருளும் சத்தம். எழுந்து விளக்கைப் போட்டால் குறுக்கே ஏதோ பாய்ந்து ஓடுகிறது, அப்புறம் கட்டிலுக்கு அடியில் இரண்டு கண்கள். வீட்டில் ஒருவர் அடித்துத் துரத்து என்பார், இன்னொருவர் பாவம் விடு என்பார். நடுவில் மாட்டிக்கொண்டும் அதைத் துன்புறுத்தக் கூடாது என்று நினைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி.

பூனை உள்ளே இருக்கும்போது நீங்கள் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்தான். வெளியே போகும் கதவை அகலத் திறந்து வையுங்கள். மற்ற அறைக் கதவுகளைச் சாத்துங்கள். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வேறு அறைக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் வீடு அடங்கியதும் தானாகவே போய்விடும். துடைப்பத்தோடு வாசலை மறித்து நின்றால் அது எந்த வழியாகப் போகும்? திரைச்சீலையில் ஏறும், அலமாரி மேல் பாயும், கடைசியில் உங்கள் மேலேயே பாயும். காது இரண்டும் பக்கவாட்டில் மடங்கித் தலையோடு ஒட்டிக்கொண்டு, கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகி, அடித்தொண்டையில் உறுமல் ஆரம்பித்தால் பின்வாங்கிவிடுங்கள். உற்றுப் பார்க்காதீர்கள். பூனைகளுக்குள் முறைத்துப் பார்ப்பது என்றால் சண்டைக்குத் தயார் என்று பொருள்.

வெறுங்கையால் மட்டும் பிடிக்கவே கூடாது. பிடரியைப் பிடித்துத் தூக்கினால் அடங்கிவிடும் என்பதெல்லாம் குட்டிகளோடு சரி. பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி மெலிந்தது. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்தில் போய்விடும். கையில் கடித்துவிட்டால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கடித்தாலும் சரி, பிறாண்டினாலும் சரி, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரேபிஸ் நாயால் மட்டும்தான் வரும் என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பூனையாலும் வரும். அறிகுறி தெரிந்த பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

சரி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தவள் சாம்பல் நிறத்தில் வரி போட்ட ஒரு பெட்டை. குளியலறை வென்டிலேட்டரில் ஒரு கண்ணாடித் தகடு இல்லை, அந்தச் சந்துதான் அவளுக்கு வாசல். பூனையின் காறை எலும்பு நமக்கு இருப்பதுபோல் மற்ற எலும்புகளோடு பூட்டியிருப்பதில்லை. அதனால் தலை நுழைகிற இடத்தில் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும். முதலில் எங்கள் கண்ணில் பட்டது அடுப்பு மேடையில் இருந்த கால்தடம் மட்டும்தான். அப்புறம் குப்பைக்கூடை கவிழ்ந்து கிடக்க ஆரம்பித்தது. வீட்டில் வளர்ந்து வழி தவறிய பூனை என்றால் பயம் தெளிந்ததும் கத்தும், வாலைத் தூக்கிக்கொண்டு வந்து காலை உரசும். இவள் அப்படி இல்லை. வயிறு தரையில் படச் சுவரோரமாகவே போவாள், கூப்பிட்டால் சீறுவாள். உங்கள் பூனை எந்த ரகம் என்று இதை வைத்துப் பாருங்கள். ஒரு காதின் நுனி நேராக வெட்டியது போலவோ, ஓரத்தில் சிறு வெட்டோடோ இருந்தால் யாரோ ஏற்கெனவே கருத்தடை செய்துவிட்ட பூனையாக இருக்கலாம்.

ஒரு விடியற்காலையில் பரணில் இருந்து கீச்சுக் குரல் கேட்டது. என் கணவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். பழைய போர்வை வைத்திருந்த அட்டைப்பெட்டியில் கண் திறக்காத குட்டிகள். பெட்டி விளிம்புக்கு மேல் அவள் முகம் மட்டும் எழுந்தது. வாய் திறந்திருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. மேலுதடு மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்துவிட்டார்.

என் மாமியாருக்கு ஆஸ்துமா உண்டு. வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாருக்காவது நியாயம் இருந்தது என்றால் அவருக்குத்தான். அவர்தான் சொன்னார், “பெத்துப் போட்டுக் கிடக்கிறவ இப்ப எங்க போவா? அது பாட்டுக்கு இருக்கட்டும் விடும்மா.” அவர் அறைக் கதவை எப்போதும் சாத்தியே வைத்தோம். பரணை அவளுக்கு விட்டுவிட்டோம். ஏணியை எடுத்துவிட்டோம், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அடிக்கடி எட்டிப் பார்த்தால் தாய் பயந்து குட்டிகளைக் கவ்விக்கொண்டு இன்னும் ஆபத்தான இடத்துக்குப் போய்விடும். சாப்பாட்டைத் தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வெளியே ஒரே மூலையில் வைத்தோம். அதற்கப்புறம் குப்பைக்கூடை கவிழவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்வது பிறந்து 2 முதல் 7 வாரத்துக்குள். அந்தக் காலத்தில் மனிதக் கை படாமல் வளர்ந்துவிட்டால் பிறகு மடியில் உட்காரும் பூனையாக ஆவது அபூர்வம். அது யாருடைய குற்றமும் இல்லை. அதனால் தாயைப் பழக்க நாங்கள் முயலவில்லை. குட்டிகள் தாமாகக் கீழே இறங்கத் தொடங்கியதும் என் மகள் தரையில் உட்கார்ந்து ஒரு கயிற்றை ஆட்டிக்கொண்டிருப்பாள், வந்த குட்டியைத் துண்டில் எடுத்து வைத்துக்கொள்வாள். பால் மறந்து தானாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, தெரிந்தவர்கள் வீடுகளுக்கு அவை போய்விட்டன. நீங்கள் குட்டியைப் பார்த்தால் அவசரப்பட்டுத் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். மாட்டுப்பாலும் ஊற்ற வேண்டாம், வயிற்றுப்போக்கு கண்டு செத்துப்போகலாம்.

தாய்க்குக் கருத்தடைதான் ஒரே வழி. பூனையின் சினைக்காலம் 63 முதல் 65 நாள் வரை. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். குட்டியாகப் பிறந்த பெட்டையே 4, 5 மாதத்தில் சினை பிடிக்கலாம். இவளை மட்டும் விரட்டிவிட்டு நாம் எதைச் சாதிக்கப் போகிறோம்?

ஒரு கூண்டுப்பொறியை இரவல் வாங்கினோம். முதலில் அதன் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தபடியே விட்டு, அடியில் செய்தித்தாள் விரித்து, வழக்கமான சாப்பாட்டைக் கடைசி மூலையில் வைத்தோம். பயமில்லாமல் போய்ச் சாப்பிட்டுத் திரும்பப் பழகிவிட்டாள். பிறகு ஒரு ராத்திரி சாப்பாட்டை நிறுத்தி, மறுநாள் கதவுக் கட்டை அவிழ்த்தோம். கதவு விழுந்ததும் முகத்தைக் கம்பியில் மோதி மோதி மூக்குத்தோல் உரிந்துவிட்டது. தயாராகக் கையில் வைத்திருந்த கெட்டிப் போர்வையை நான் கூண்டு முழுக்கப் போர்த்தினேன். உடனே அடங்கிவிட்டாள். கூண்டு வைப்பவர்கள் இந்தப் போர்வையை மறக்கவே கூடாது. கூண்டை வைத்துவிட்டு வெளியே போய்விடவும் கூடாது, பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

முதலில் போன மருத்துவமனையில் தெருப்பூனையைத் தொட மாட்டோம் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். வேறொரு கால்நடை டாக்டர் கூண்டிலேயே வைத்து மயக்க ஊசி போட்டு அறுவை செய்து கொடுத்தார். அன்று ராத்திரி முழுக்கக் கூண்டோடு குளியலறையில் இருட்டாக, வெதுவெதுப்பாக வைத்திருந்து, மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் அவள் வழக்கமாக நடமாடும் இடத்திலேயே விட்டோம்.

“மனுஷனுக்கே வைத்தியம் பார்க்க வழியில்லை, பூனைக்கு ஆபரேஷனா?” என்று கேட்க யாராவது வருவார்கள். ஒரு பெட்டைக்குச் செய்துவிட்டால் அடுத்தடுத்து எத்தனை குட்டிகள் சாக்கடையோரத்தில் சாகாமல் இருக்கும் என்று அவர்களே யோசித்துப் பார்க்கட்டும். “பூனை பறவைகளைத் தின்கிறதே” என்பார்கள். உண்மைதான், தின்கிறது. பூனைகள் குறைய வேண்டும் என்றுதானே நானும் சொல்கிறேன்?

பூனையால் எங்களுக்கு வந்த தொல்லையைவிட அந்த வென்டிலேட்டர் கண்ணாடியால் வந்த மனக்கசப்பு பெரிது. அது பூனை வருவதற்கு வெகுநாள் முன்பே உடைந்தது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வாடகைக்கு இருப்பவர் சொன்னால் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் யாருக்கும் காது கேட்பதில்லை. தண்ணீர்த்தொட்டி கழுவுவதில் தொடங்கி மாடிப்படி விளக்கு வரைக்கும் எங்களைக் கேட்காமலே முடிவெடுப்பார்கள். ஆனால் பூனை வந்ததும் “உங்கள் வீட்டுப் பூனை” என்று எல்லோருக்கும் முன்னால் எங்களைத்தான் கேட்டார்கள். எல்லாப் பராமரிப்புக்கும் பங்கு கொடுக்கிறோம், கூட்டத்தில் பேச மட்டும் உரிமை இல்லையாம். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. போகட்டும்.

இப்போது சாக்கில் கட்டித் தூரமாக விடச் சொன்ன அந்தப் பதிலுக்கு வருகிறேன். தெரியாத இடத்தில் விட்ட பூனைக்குத் தண்ணீர் எங்கே, ஒளிய இடம் எங்கே என்று எதுவும் தெரியாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் அதைக் கடித்து விரட்டும். பழைய இடத்துக்கே திரும்பி வரப் புறப்பட்டு வண்டியில் அடிபடும். நீங்கள் கொண்டுபோய் விட்டது பால் கொடுக்கும் தாய் என்றால், குட்டிகள் உங்கள் பரணிலேயே பட்டினியில் சாகும். இவ்வளவு பாவத்தையும் சுமந்த பிறகு, இங்கே சாப்பாடும் சந்தும் அப்படியே இருப்பதால் காலியான இடத்துக்கு வேறொரு பூனை வரும். இத்தாலியில் 1991ஆம் ஆண்டிலேயே தெருப்பூனைகளைக் கொல்லக் கூடாது, கருத்தடை செய்து விட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு நாடே செய்யக்கூடியதை நம்மால் ஒரு பூனைக்குச் செய்ய முடியாதா?

அந்துருண்டை போடு, பினாயில் தெளி, மிளகாய்ப்பொடி தூவு என்றும் சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அந்துருண்டையும் பினாயிலும் பூனைக்கு விஷம். அது காலை நக்கும்போது உள்ளே போய்விடும். மிளகாய்ப்பொடி கண்ணையும் மூக்கையும் எரித்துவிடும். எலி விஷம் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், விஷம் தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகும்.

சுவரில் மூத்திர வாடை அடித்தால், வருவது அநேகமாகக் கடுவன். தன் எல்லையைக் குறிக்கப் பீய்ச்சுகிறது. கடுவனுக்குக் கருத்தடை செய்தால் பத்தில் ஒன்பது இந்தப் பழக்கத்தை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். அந்த இடத்தை நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைப்பது நல்லது. ப்ளீச் ஊற்றாதீர்கள், மூத்திரத்தோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் புகை வரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனை மலத்தை அவர் அள்ள வேண்டாம். வேறு யாராவது கையுறை போட்டுக்கொண்டு அன்றன்றே அப்புறப்படுத்திவிட வேண்டும், ஏனென்றால் மலத்தில் வரும், வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்.

பூனை நுழையும் சந்தை அடைப்பது கடைசி வேலை. கம்பி வலையோ மரத்தகடோ எதுவானாலும் சரி, அடைப்பதற்கு முன் பரண், அலமாரிப் பின்புறம், கட்டிலடி எல்லாவற்றிலும் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தின் விளிம்பில் ராத்திரி கொஞ்சம் மாவு தூவி வைத்தால் காலையில் தடம் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். கடைசித் தடம் வெளியே போனதாக இருந்து, உள்ளே எந்தச் சத்தமும் இல்லை என்றால் அன்று பகலிலேயே அடைத்துவிடுங்கள்.